கிழக்கு பார்த்த வாசல்

பாபகூரா, ஆக்லாந்து
9 மார்ச் 2025, ஞாயிறு இரவு

அன்புள்ள கௌரி சித்திக்கு,

அபிதா எழுதுகிறேன். இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். சித்தப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தபாலாபீசில் உங்கள் உடைந்த நாற்காலியை மாற்றிக் கொடுத்தார்களா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிட்டால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். என் போனை இரவு ஒன்பது மணிக்கு வாங்கி வைத்துவிடுவார். உங்கள் ஆபீசுக்கு உங்கள் பெயரில் வரும் கடிதத்தை வேறு யாரும் பிரிக்க மாட்டார்கள் என்று தோன்றியது.

பதில் எழுதினால் உறையின் பின்னால் இருக்கும் முகவரிக்கு எழுதுங்கள். அது மவுண்ட் ரோஸ்கில்லில் இருக்கிறது. நாங்கள் இருக்கும் வீடு அல்ல. ஆனால் பள்ளிக்கூடத்துக் கணக்கில் நான் அங்கேதான் இருக்கிறேன்.

இங்கே ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு எல்லை உண்டு. ஜோன் என்பார்கள். கோட்டுக்கு உள்ளே வீடு இருந்தால் இடம் உண்டு, வெளியே இருந்தால் குலுக்கல்தான். எங்கள் பள்ளியில் சேரத்தான் உலகத்தில் உள்ள எல்லாரும் வருகிறார்கள் என்று அப்பா சொல்வார். பாபகூராவிலிருந்து அது வெகு தூரம். அதனால் அம்மா வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு தங்கியிருந்த யோகராணி ஆன்ட்டியின் முகவரியை வாங்கி, நாங்கள் அங்கேதான் குடியிருக்கிறோம் என்று அப்பா பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். நானும் பக்கத்தில் நின்றேன்.

காலை ஆறு பத்து ரயில், பிறகு பஸ். சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகள் பார்க்கும்படி யோகராணி ஆன்ட்டி வீட்டுக்குள் போய், அரை மணி நேரம் கழித்து வேறு சட்டை போட்டுக்கொண்டு வெளியே வருவேன். பிறகு பஸ், ரயில்.

"இதெல்லாம் பொய்யில்ல அபி. அந்த ஏரியாவுல வீடு வாங்கிட்டோம்னா சரியாயிடும். கொஞ்சம் முன்கூட்டியே சொன்ன உண்மைன்னு வச்சுக்கோ" என்கிறார் அப்பா.

சித்தி, போன வருடம் முழுக்க அப்படித்தான் வைத்துக்கொண்டேன். இப்போது முடியவில்லை. வகுப்பில் யாராவது கதவைத் தட்டினால் என் பெயரைக் கூப்பிடத்தான் வந்திருக்கிறார்கள் என்று புத்தகங்களைப் பைக்குள் போட ஆரம்பித்துவிடுகிறேன். பொய்ப் பிரமாணம் என்று தெரிந்தால் பள்ளியிலிருந்து மட்டும்தான் அனுப்புவார்களா, நாட்டைவிட்டே அனுப்புவார்களா என்று எனக்குத் தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் முடியாது.

குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு வாஷிங் மெஷின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். அம்மாவுக்கு இன்று இரவு வேலை. அவளிடம் சொல்லாதீர்கள்.

உங்கள்
அபிதா


அருப்புக்கோட்டை
26 மார்ச் 2025

என் அபி கண்ணுக்கு,

சித்தியின் முத்தங்கள். சித்தப்பா நடக்கிறார், ஆனால் மாடிப்படியைப் பார்த்தால் முறைக்கிறார். நாற்காலி மாறவில்லை. ஒரு காலுக்கு அடியில் பழைய மணியார்டர் படிவக் கட்டு ஒன்றை வைத்து ஓட்டுகிறேன்.

உன் கடிதத்தைத் தபால்பையிலிருந்து நானே எடுத்தேன். பதினாறு நாள் ஆகியிருக்கிறது. இரண்டு முறை படித்துவிட்டு, டிபன் பாக்ஸ் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

நீ பயப்படுகிற அளவுக்கு இருக்காது கண்ணு. பிள்ளை படிக்க வேண்டும் என்று பெற்றவர்கள் ஆளாளுக்கு ஏதாவது செய்கிறார்கள். உன் அப்பா கெட்ட மனிதர் இல்லை. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. கடிதத்தை வாங்க ஆள் இல்லையென்றால் "இந்த முகவரியில் இல்லை" என்று எழுதி அனுப்பியவருக்கே திருப்பிவிடுவோம். இந்தக் கடிதம் எனக்குத் திரும்பி வராவிட்டால் நீ அங்கே இருக்கிறாய் என்றுதான் தபால் இலாகாவின் கணக்கு. அந்தத் தைரியத்தில் இரு.

வேளைக்குச் சாப்பிடு. ரயிலில் தூங்கிவிடாதே.

அன்புடன்
கௌரி சித்தி


பாபகூரா
27 ஏப்ரல் 2025, இரவு

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் கடிதம் திரும்பிப் போகவில்லை. யோகராணி ஆன்ட்டி அதைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். "பிள்ளைக்கு இந்தியாவில இருந்து கடிதம் வந்திருக்கு. இந்தக் காலத்தில ஆர் கையால எழுதினம்?" என்று என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மகன் மெல்பர்னில். ஒவ்வொரு நாளும் எனக்குத் தேநீர் போட்டு வைப்பார். "பொய் சொல்லுறதெண்டா வயிறு நிறையச் சாப்பிட்டுட்டுச் சொல்லு பிள்ளை. வெறும் வயித்தில சொன்னா முகம் காட்டிக் குடுத்துடும்" என்பார்.

எனக்கும் அம்மாவுக்கும் சளி வந்து போய்விட்டது. நீங்கள் நலமா?

விடுமுறைக்கு முன்னால் ஒன்று நடந்தது. என் வகுப்பில் தாரிணி என்று ஒருத்தி, எனக்கு இருக்கும் ஒரே தோழி. அவள் யோகராணி ஆன்ட்டி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் என் பின்னாலேயே வந்து, "உன் ரூமைக் காட்டு" என்றாள். அந்த வீட்டில் என் அறை என்று எதைக் காட்டுவது என்று தெரியவில்லை. பதற்றத்தில் ஏதோ ஒரு கதவைத் திறந்தேன். அது துணி வைக்கும் அலமாரி. தாரிணி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள். அன்றிலிருந்து என்னோடு அளந்துதான் பேசுகிறாள். அவளுடைய மாமா மகளுக்கு இந்த வருடம் குலுக்கலில் இடம் கிடைக்கவில்லை.

பள்ளியிலிருந்து எல்லார் வீட்டுக்கும் அறிக்கை வந்திருக்கிறது. முகவரிகளைச் சரிபார்க்க ஒருவரை வேலைக்கு வைத்திருக்கிறார்களாம். காலை நேரத்தில் வீட்டுக்கே வருவாராம். டெர்ம் முடிவதற்குள் எங்களுக்கு மேல் வகுப்பில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ஏன் என்று ஆசிரியர்கள் சொல்லவில்லை.

அப்பாவிடம் காட்டினேன். "அதுக்குள்ள வாங்கிடலாம்" என்றார். சனிக்கிழமை மூன்று வீடு, ஞாயிற்றுக்கிழமை நான்கு வீடு பார்க்கிறோம். ஏலத்தில் ஒவ்வொன்றும் கையை விட்டுப் போகிறது.

சித்தி, எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அபிதா


அருப்புக்கோட்டை
16 மே 2025

அபி கண்ணு,

இங்கே வெயில் கொளுத்துகிறது, மற்றபடி நலம். உன் கடைசி வரியைப் படித்ததிலிருந்து எனக்கும் தூக்கம் வரவில்லை.

அம்மாவிடம் நான் பேசட்டுமா? உன் பெயரை இழுக்காமல், பொதுவாகக் கேட்கிற மாதிரிக் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவள், "ஆடி பொறக்குறதுக்குள்ள ஒரு வீட்டை முடிச்சிடணும் கௌரி, முடியாட்டி ஆவணி வரைக்கும் இழுத்துடும்" என்று சொன்னாள். குரலில் உயிரே இல்லை. உன் அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லையாம்.

நீ சரி என்று எழுது, பேசுகிறேன்.

சித்தி


பாபகூரா
29 ஜூன் 2025, இரவு

அன்புள்ள சித்திக்கு,

பேச வேண்டாம். உங்கள் கடிதம் வந்த அன்றே இதை எழுதியிருக்க வேண்டும். தேர்வுகள் இருந்தன. அது மட்டும் காரணம் இல்லை. பேசினால் அப்பாவுக்கு என் மேல்தான் சந்தேகம் வரும். குளிர் தாங்கவில்லை, மற்றபடி எல்லாரும் நலம். சித்தப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வீடு கிடைத்துவிடும் போலிருக்கிறது. மவுண்ட் ரோஸ்கில்லின் ஓரத்தில் ஒரு தெரு. ஒரே தெருவில் எதிரெதிராக இரண்டு வீடு விற்பனைக்கு வந்திருக்கின்றன. 17, 18. இரண்டையும் ஒரே ஏஜென்ட்தான் விற்கிறார். 17-இன் வாசல் மேற்கு பார்த்தது, 18 கிழக்கு பார்த்தது. 17-ஆம் எண்ணின் பலகையில் எங்கள் பள்ளியின் பெயரையும் பெரிதாகப் போட்டிருந்தார்கள். 18-இன் பலகையில் படுக்கையறை மூன்று, கராஜ் ஒன்று, அவ்வளவுதான்.

18-க்கு எதிர்பார்க்கும் விலையும் குறைவு. "கிழக்கு வாசல், விலையும் கம்மி. நமக்குன்னே வந்த மாதிரி இருக்கு" என்று அப்பா கராஜ் கதவைத் தடவிப் பார்த்தார். அம்மா மட்டும், உங்களைக் கொண்டு ஜோசியரிடம் கேட்டுவிட்டுத்தான் முடிவு என்கிறாள். படங்கள் அனுப்புவாள்.

ஏலம் ஜூலை 12. ஆடிக்கு ஐந்து நாள் முன்னால். இங்கே ஏலத்தில் சுத்தியல் தட்டிவிட்டால் பின்வாங்க முடியாது சித்தி. அங்கேயே கையெழுத்துப் போட்டுப் பணம் கட்ட வேண்டும்.

எந்த வீடாக இருந்தாலும் சரி. அந்த வீட்டில் போய்ப் படுக்கும் முதல் இரவு எனக்குத் தூக்கம் வரும். பள்ளியில் கேட்டால் கதவைத் திறந்து என் அறையைக் காட்டுவேன்.

அபிதா


அருப்புக்கோட்டை
7 ஜூலை 2025

அபி கண்ணு,

சுகமா? சித்தப்பாவுக்கு ஊசி போட்டதில் வலி குறைந்திருக்கிறது.

உன் பதில் இன்னும் வந்து சேரவில்லை, அதற்குள் அம்மா இரண்டு வீட்டின் படங்களையும் அனுப்பிவிட்டாள். நேற்றுச் சாயங்காலமே ஜோசியரைப் பார்த்துவிட்டேன். பதினெட்டுதான். மறுபேச்சே இல்லை. அம்மாவிடம் போனில் சொன்னேன், அழுதேவிட்டாள். உன் அப்பாவும் போனை வாங்கி, "ரொம்ப நன்றிங்க" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்கு நன்றி சொன்னது இதுதான் முதல் தடவை.

அந்த வீட்டின் பின்பக்கத்தில் ஒரு சின்ன அறை இருக்கிறதே, பார்த்தாயா? ஜன்னலை ஒட்டி ஒரு மேசை, அதன் மேல் பச்சை விளக்கு. அதை நீ கேட்டு வாங்கிக்கொள்.

நல்ல செய்திக்குக் காத்திருக்கிறேன்.

சித்தி


பாபகூரா
13 ஜூலை 2025, இரவு

அன்புள்ள சித்திக்கு,

வீடு கிடைத்துவிட்டது. அம்மா போனில் சொல்லியிருப்பாள். எங்களைத் தவிர ஒரே ஒருவர்தான் கேட்டார், அவரும் சீக்கிரமே விட்டுவிட்டார். சுத்தியல் தட்டியதும் அப்பா அங்கேயே அழுதார். அம்மா சாயங்காலம் பாயசம் வைத்தாள். ஆடி வந்துவிடுவதால் ஆவணியில்தான் குடிபோவது. ஆகஸ்ட் 29 வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச நாள் குறித்திருக்கிறார்கள்.

வேறு ஒன்றும் இல்லை. எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். நான் நலம். சித்தப்பா நலமா?

வேறு ஒன்றும் இல்லை.

அபிதா


அருப்புக்கோட்டை
28 ஜூலை 2025

அபி,

என்ன ஆச்சு? வீடு கிடைத்த பிள்ளை எழுதுகிற கடிதமா இது? வேறு ஒன்றும் இல்லை என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறாய். இருபது வருடம் மற்றவர்களுடைய கடிதங்களுக்கு இந்தக் கையால் முத்திரை குத்தியிருக்கிறேன். யார் எதை மறைத்து எழுதுகிறார்கள் என்று உறையைத் தொட்டாலே தெரியும் என்று பீற்றிக்கொள்வேன். உன்னுடையதைப் படித்தும் எனக்குத் தெரியவில்லை.

எதுவாக இருந்தாலும் எழுது.

சித்தி


மவுண்ட் ரோஸ்கில்
14 ஆகஸ்ட் 2025, இரவு

அன்புள்ள சித்திக்கு,

இந்தத் தடவை யோகராணி ஆன்ட்டி வீட்டிலிருந்தே எழுதுகிறேன். ஆகஸ்ட் பிறந்ததிலிருந்து வாரநாட்களில் என்னை இங்கேயே படுக்க வைத்திருக்கிறார் அப்பா. சரிபார்க்கிறவர் எந்தக் காலையிலும் வரலாம் என்று. நேற்று வந்தார்.

ஏழு மணி. ஒரு வெள்ளைக்கார அம்மா, கழுத்தில் பள்ளியின் அட்டை. மிகவும் மரியாதையாகப் பேசினார். அம்மா அப்பா எங்கே என்றார். இருவருக்கும் சீக்கிரமே வேலை என்றேன். அறையைக் காட்டினேன், இந்தத் தடவை சரியான கதவைத் திறந்தேன். என் செருப்பு, என் பல்துலக்கி எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு, "உன் பெயருக்கு இந்த முகவரியில் ஏதாவது தபால் வந்திருக்கிறதா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் யோகராணி ஆன்ட்டி சாமிப் படத்தருகே போய் உங்கள் கடிதங்களைக் கொண்டுவந்து நீட்டினார். நான்கு உறைகள். அந்த அம்மா ஒவ்வொன்றாகத் திருப்பி, முத்திரையில் இருந்த தேதிகளைப் படித்தார். மார்ச், மே, ஜூலை. உள்ளே எடுத்துப் பார்த்தால்கூட அவருக்குப் புரியாது. ஆனால் உள்ளே முழுக்க நான் இங்கே இல்லை என்றுதான் இருக்கிறது சித்தி.

"யார் எழுதுகிறார்கள்?"

"என் சித்தி."

"இப்படிக் கையால் எழுத ஒருவர் இருப்பது பெரிய அதிர்ஷ்டம்" என்று சொல்லி, தன் தாளில் ஒரு குறி போட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஆன்ட்டி நாற்காலியில் உட்கார்ந்து, "முடிஞ்சுது பிள்ளை, முடிஞ்சுது" என்றார். நான் குளியலறையில் வாந்தி எடுத்தேன்.

தப்பித்துவிட்டோம் என்று அப்பா போனில் சிரித்தார். இன்னும் இரண்டு வாரம்தான், பிறகு எல்லாம் உண்மையாகிவிடும் என்றார். ஆகாது. அதைத்தான் உங்களிடம் மறைத்தேன்.

ஏலத்துக்கு முதல்நாள் பாபகூரா நூலகத்துக் கணினியில் பள்ளியின் எல்லை வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் தெருவின் பெயரைப் பார்க்க ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். சிவப்புக் கோடு தெருவின் நடுவிலேயே போகிறது. ஒற்றைப்படை எண்கள் உள்ளே. இரட்டைப்படை எண்கள் வெளியே. 17 உள்ளே, 18 வெளியே. அதனால்தான் விலை குறைவு. அதனால்தான் பலகையில் பள்ளியின் பெயர் இல்லை. ஏஜென்ட் பொய் சொல்லவில்லை. அப்பா கேட்கவே இல்லை. ஒரே தெரு என்று நினைத்துவிட்டார்.

வரைபடத்தை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் அம்மாவும் அப்பாவும் ஏலம் கேட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். அம்மாதான் ஏலக்காரி. கையில் குழம்புக் கரண்டி. அப்பா சோபாவில் உட்கார்ந்து கையைத் தூக்குகிறார்.

"இன்னொரு ஆயிரம் உண்டா? அங்க பின்னாடி நிக்கிற மாமா?" என்றாள் அம்மா.

"மாமா இல்லடி, நான் உன் புருஷன்."

"ஏலத்துல புருஷன் பொண்டாட்டி எல்லாம் கிடையாது. பணம் இருக்கா இல்லையா?"

கரண்டியால் மேசையில் ஓங்கித் தட்டி "வித்தாச்சு!" என்று கத்தினாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பா சிரித்து நான் பார்த்து எத்தனை மாதம் ஆகிறது. என்னைப் பார்த்து, "என்ன அபி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார்.

ஒன்றுமில்லை என்றேன்.

அவர்கள் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். அதுவும் உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் இன்னொன்றும் நினைத்தேன். வீடு வெளியே இருந்தால் என்றைக்காவது என்னை இந்தப் பள்ளியிலிருந்து அனுப்பிவிடுவார்கள். அப்போது பயமில்லாமல் தூங்கலாம். அப்படி நினைத்துக்கொண்டே நின்றேன். மறுநாள் சுத்தியல் தட்டும்போதும் பை என் மடியில்தான் இருந்தது.

அப்பா இருபது வருடச் சேமிப்பையும் போட்டுவிட்டார். நான் செய்தது இது. இனி என்ன செய்வது என்று எழுதுங்கள் சித்தி. சீக்கிரம் எழுதுங்கள்.

அபிதா


அருப்புக்கோட்டை
28 ஆகஸ்ட் 2025
ஸ்பீடு போஸ்ட்

என் அபிக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. உன் கடிதம் இன்று காலை வந்தது. நாளை உங்கள் வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள்.

என்ன செய்வது என்று என்னைக் கேட்டிருக்கிறாய். கேட்கக் கூடாத ஆளைக் கேட்டுவிட்டாய் கண்ணு. நான் ஜோசியரைப் பார்க்கவே இல்லை. அன்று அவர் வீடு பூட்டியிருந்தது. மகள் பிரசவத்துக்காக மதுரை போய்விட்டார், வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள் பக்கத்து வீட்டில். உன் அம்மாவோ மணிக்கு ஒரு தடவை கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டில் நின்று படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பதினேழில் அப்படி ஒரு அறை இல்லை. பதினெட்டில் ஜன்னலோரம் மேசை இருந்தது. வாஷிங் மெஷின் மேல் தாளை வைத்து எழுதுகிறாயே என்று தோன்றியது. பதினெட்டு என்று ஜோசியர் சொன்னதாகச் சொல்லிவிட்டேன்.

காலையிலிருந்து மூன்று தடவை உன் அம்மாவைக் கூப்பிடப் போனை எடுத்தேன். ஒரு தடவை எடுத்துவிட்டாள். பால் காய்ச்ச எந்தப் பாத்திரம் என்று கேட்டாள். பித்தளை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

என்னால் முடியவில்லை அபி. எனக்கு நாற்பத்து மூன்று வயது. நீயும் சொல்லிவிடாதே. ஜோசியர் விஷயம் நம் இருவரோடு இருக்கட்டும்.

மன்னித்துக்கொள்.

சித்தி


எண் 18, மவுண்ட் ரோஸ்கில்
11 செப்டம்பர் 2025

அன்புள்ள கௌரி சித்திக்கு,

சித்தப்பாவும் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றும் இல்லை.

பால் பித்தளைப் பாத்திரத்தில்தான் பொங்கியது. பத்துப் பேர் வந்திருந்தார்கள். யோகராணி ஆன்ட்டி வடை சுட்டுக் கொண்டுவந்தார். பதினொரு மணிக்கு எதிர் வீட்டிலிருந்து ஒரு அம்மா வாழைப்பழக் கேக்கோடு வந்தார், 17-ஐ வாங்கியவர். என்னைப் பார்த்ததும் எந்தப் பள்ளி என்று கேட்டார். அப்பா பெருமையாகப் பெயரைச் சொன்னார். "அப்படியா? பரவாயில்லையே, தெருவின் இந்தப் பக்கம் இருந்தும் இடம் கிடைத்துவிட்டதா!" என்றார் அவர். அப்பா புரியாமல் சிரித்தார். அவர் தன் போனை எடுத்து வரைபடத்தைக் காட்டினார்.

அப்பா அதை வெகு நேரம் பார்த்தார். பிறகு கேக்குக்கு நன்றி சொன்னார். எல்லாருக்கும் பால் கொடுத்து, வழியனுப்பி, வாசல் கதவைச் சாத்திய பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ப்பா."

"எப்ப இருந்து?"

"ஏலத்துக்கு முந்தின நாள். நீங்க ரெண்டு பேரும் கரண்டி வச்சு…"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சுவரில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். இரவு முழுக்க ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் சொன்னார்: "அந்தம்மா நல்லவங்களாத்தான் தெரியுறாங்க. அவங்க லெட்டர்பாக்ஸை மட்டும் நமக்குக் குடுப்பாங்களான்னு கேட்டுப் பாக்கலாம். ரோட்டைத் தாண்டினா அவ்வளவுதானே."

"போதுங்க" என்றாள் அம்மா. அவர் காதில் விழவில்லை. அதுவரை யோகராணி ஆன்ட்டி முகவரியிலேயே இரு என்றார்.

அந்த வாரமும் ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன், வேறு சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். வெள்ளிக்கிழமை உங்கள் ஸ்பீடு போஸ்ட் வந்தது. ஆன்ட்டியின் குளியலறையில் நின்று படித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை சித்தி. நீங்கள் போனை எடுத்து எடுத்து வைத்ததை மட்டும் திரும்பத் திரும்ப நினைத்தேன். நாற்பத்து மூன்று வயதிலும் இது இப்படியேதான் இருக்குமா என்று பயமாக இருந்தது. சரிபார்க்க வந்த அம்மாவைவிட அது பெரிய பயம்.

முதலில் ஆன்ட்டியிடம் சொன்னேன். அவருக்கும் இதனால் தொல்லை வரலாம் அல்லவா. "எனக்கென்ன செய்யப் போறாங்கள்? எழுபத்தொரு வயசில மறியலில போட்டா நேரத்துக்குச் சாப்பாடாவது தருவாங்கள்" என்றார். அவர் ஊரில் சிறையை மறியல் என்பார்களாம். பிறகு என் தலையைப் பிடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "சாப்பிட்டுட்டுப் போ பிள்ளை. உண்மை சொல்லவும் வயிறு நிறைஞ்சிருக்கோணும்."

திங்கட்கிழமை பள்ளி அலுவலகத்துக்குப் போனேன். சரிபார்க்க வந்த அதே அம்மாதான் இருந்தார். ஆகஸ்டில் நீங்கள் பார்த்த வீட்டில் நான் குடியிருக்கவில்லை, எப்போதுமே குடியிருந்ததில்லை என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். அந்தக் கடிதங்கள் என்றார். அவை நிஜம், அவை மட்டும்தான் நிஜம் என்றேன். நான் இங்கே வந்தது பெற்றோருக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டுப் பேசுவார்களாம். முதல்வர் முடிவு எடுத்த பிறகு கடிதம் வருமாம். பிரமாணப் பத்திரத்தை என்ன செய்வார்கள், விசாவுக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டேன். தனக்குத் தெரியாது என்றார். உண்மையாகவே தெரியாது போலத்தான் இருந்தது. கடைசியில், "கடிதத்தை எந்த முகவரிக்கு அனுப்பட்டும்?" என்றார். தாளை வாங்கி எழுதிக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலமே வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மா அழுதாள், பிறகு என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள். அப்பா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. வேலையிலிருந்து வந்து காரை நிறுத்தியதும் வீட்டுக்குள் வருவதில்லை. முதலில் தபால் பெட்டியைத் திறந்து உள்ளே கையை விட்டுத் துழாவுகிறார்.

பின்பக்கத்து அறையை எனக்குத்தான் கொடுத்தார்கள். நீங்கள் பார்த்த மேசையும் பச்சை விளக்கும் இல்லை. விற்பதற்காக வாடகைக்கு எடுத்துப் போட்டிருந்த சாமான்களாம், ஏலம் முடிந்ததும் லாரியில் ஏற்றிப் போய்விட்டார்கள். பிரிக்காத அட்டைப்பெட்டி ஒன்றை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு எழுதுகிறேன். விளக்கு எரிகிறது, கதவு திறந்திருக்கிறது.

ஜோசியர் விஷயத்தை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அது நீங்கள் சொல்ல வேண்டியது.

இனி இந்த முகவரிக்கே எழுதுங்கள் சித்தி. பெட்டியை முதலில் திறப்பது அப்பாதான். அவர் பிரித்துப் படித்தாலும் பரவாயில்லை. உங்கள் கடிதம் முதலில் வருமா, பள்ளியின் கடிதம் முதலில் வருமா என்று தெரியவில்லை. எது வந்தாலும் திரும்பிப் போகாது. நான் இங்கேதான் இருக்கிறேன்.

உங்கள்
அபிதா